பதினாலாம் எண் வீட்டின் இரண்டு ஓட்டுகள்

தெல்மா பிக்கர்ஸ்டாஃப் தப்பு செய்தாள் என்று சொன்னால் ஹார்ஸ்டன் நகரத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். தப்பு செய்ய அவளுக்கு நேரம் இருந்ததில்லை. மற்றவர்கள் செய்வதைக் கவனிக்கவே பொழுது சரியாக இருந்தது.

இருபத்திரண்டு வருடம் ஆரம்பப் பள்ளி வாசலில், மஞ்சள் கோட்டு போட்டு, நுனியில் வட்டத் தட்டி வைத்த நீளக் கம்பைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைச் சாலை கடத்திவிட்டவள் அவள். அந்தக் கம்பு குறுக்கே நீண்டால் லாரி நிற்கும், தபால் வண்டி நிற்கும், மேயரின் கார் நிற்கும். ஒருமுறை சவ ஊர்வலமே நின்றது. "உள்ள இருக்கறவருக்கு இனிமே என்னங்க அவசரம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஓட்டுநர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்.

ஓய்வு பெற்ற மறுவருடம் கணவர் நார்மன் இறந்துபோனார். நிறுத்துவதற்குக் கார்களும் இல்லை, திருத்துவதற்குக் கணவரும் இல்லை என்ற நிலையில் ஒரு மனுஷி என்ன செய்வாள்? கட்சியில் சேர்ந்தாள். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்தக் கட்சிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். மற்றக் கட்சிக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள், அது அதைவிட மோசம்.

கட்சிக்கு அவள் ஒரு பொக்கிஷம். மழையில் துண்டறிக்கை போடுவாள். கதவில் இருக்கும் தபால் துளைக்குள் விரலை விட்டால் அந்தப் பக்கம் நாய் காத்திருக்கும் என்று அனுபவத்தில் அறிந்து, மரக்கரண்டியால் அறிக்கையை உள்ளே தள்ளும் வித்தையைக் கிளை முழுவதற்கும் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். ஓட்டுக் கேட்கப் போகும்போது எல்லார் கையிலும் ஒரு தாள் இருக்கும். தெருப் பெயர், கதவு எண், அந்தக் கதவுக்குப் பின்னால் ஓட்டுரிமை உள்ளவர்களின் பெயர்கள், பக்கத்தில் குறி போட ஒரு கட்டம். அந்தத் தாள் இல்லாமல் அங்கே எந்தக் கட்சியும் எந்தக் கதவையும் தட்டாது. இன்னொரு வழக்கமும் உண்டு: யாரும் சொந்தத் தெருவில் ஓட்டுக் கேட்கக் கூடாது. அண்டை வீட்டார் முகதாட்சண்யத்துக்காகப் பொய் சொல்வார்கள். ஆகவே தெல்மா ஊரிலுள்ள எல்லாத் தெருவின் தாளையும் பார்த்திருந்தாள், தான் குடியிருந்த ஆல்மா தெருவின் தாளைத் தவிர.

இனி வில்ஃப் டாட்டர்சாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெல்மா சொல்லாமல் விட்டதால் வந்ததுதான் இவ்வளவும்.

வில்ஃப் ஒன்பதாம் எண் பேருந்தின் ஓட்டுநராக இருந்தவர். தெல்மாவின் கம்புக்கு முன்னால் ஒரு நாலாயிரம் தடவையாவது நின்றிருப்பார். மற்ற ஓட்டுநர்கள் முணுமுணுப்பார்கள்; இவர் கையை ஆட்டுவார். மனைவியை இழந்து, ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தார். ஒரு டிசம்பரில் அந்த அறையின் வெந்நீர் பாய்லர் கெட்டுப்போக, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தெல்மாவின் பதினாலாம் எண் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பாய்லர் சரியாகுற வரைக்கும் தெல்மா."

"சரியாகுற வரைக்கும்தான்," என்றாள் தெல்மா, தெருவில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு.

பாய்லர் பிப்ரவரியில் சரியாகிவிட்டது. மார்ச்சில் வில்ஃப் அந்த அறையைக் காலி செய்தார். அதற்குப் பிறகும் யாராவது கேட்டால் "பாய்லர் வேலை நடக்குது" என்பதுதான் பதில். இரண்டு வருடமாக நடந்துகொண்டிருந்தது.

இடையில், ஜனவரி மாதம், நகராட்சியிலிருந்து ஒரு படிவம் வந்தது. வீட்டு வரியில் தனியாக வாழ்கிறவர்களுக்குக் கால் பங்கு தள்ளுபடி உண்டு. நார்மன் போன நாளிலிருந்து தெல்மாவுக்கு அது கிடைத்துவந்தது. 'உங்களோடு வேறு பெரியவர் யாரேனும் வசிக்கிறார்களா?' என்று படிவம் கேட்டது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தாள். பக்கத்து அறையில் வில்ஃப் தொலைக்காட்சியில் ஸ்னூக்கர் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். இருப்பது வேறு, வசிப்பது வேறு என்று அவளுக்குத் தோன்றியது. நாற்காலிகூடத்தான் வீட்டில் இருக்கிறது, வசிக்கிறதா? 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டாள். உண்மையைச் சொன்னால், அந்தக் கால் பங்கைவிட அவளை உறுத்தியது வேறு. 'ஆம்' என்று போட்டால் அடுத்த வரியில் அவர் பெயரையும், உங்களுக்கு என்ன உறவு என்பதையும் எழுதச் சொன்னது அந்தப் படிவம். அறுபத்தாறு வயதில், நார்மனின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அவள் அந்த இடத்தில் என்னவென்று எழுதுவாள்?

இத்துடன் நின்றிருந்தால் உலகத்துக்குத் தெரிந்தே இருக்காது. ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்தார்கள். கிளைத் தலைவர் லெஸ்லி ஹார்கிரீவ்ஸ் பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் மேப்பில் காட்டினால்தான் அவருக்குத் திருப்தி.

"போன தடவை நூறு ஓட்டுக்குள்ள தோத்தோம்," என்றார், தொகுதி வரைபடத்தைக் குச்சியால் தட்டி. "நூறு! ஒரு பஸ்ல ஏத்தினா பாதிப் பேரு உக்காந்து, மிச்ச பேரு நின்னுட்டுப் போகலாம், அவ்வளவுதான். உங்க வீட்டுல இருக்கற ஒரு தலைகூடப் பட்டியல்ல விட்டுப்போகக் கூடாது."

வில்ஃபின் ஓட்டு இன்னும் அக்கரையில், கட்சிக்கு டெபாசிட்கூடத் தேறாத வேறு தொகுதியில் கிடந்தது. ஒரு ஓட்டு! வீணாக! அன்று வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் தெல்மா வாக்காளர் படிவத்தை எடுத்து, அதே மேசையில், அதே பேனாவால் நிரப்பினாள்: 'வில்ஃபிரட் டாட்டர்சால், 14, ஆல்மா தெரு, இங்கே வசிப்பவர்.' ஆக நகராட்சியின் முதல் மாடியில் இருக்கும் வரிப் பிரிவுக்கு வில்ஃப் இல்லாதவர். இரண்டாம் மாடி வாக்காளர் பிரிவுக்கு இருப்பவர். ஒரே கட்டடம்தான், நடுவில் இருபது படி. கட்சிக்காரியைத் தவிர வேறு எவளும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டாள். சாதாரணத் திருடி வில்ஃபை இரண்டிலும் மறைத்திருப்பாள்.

இமோஜன் ஃபாரன்ட் என்ற அவர்களுடைய வேட்பாளர் அறுபத்தொரு ஓட்டில் ஜெயித்தார். 'அவரவர் பங்கை அவரவர் கட்டுங்கள்' என்பது அவருடைய முழக்கம். பெரிய பணக்காரர்களின் வரி ஏய்ப்பைப் பற்றி அவர் பேசினால் மாதா கோயில் கண்ணாடிகள் அதிரும். தெல்மா அந்த முழக்கத்தை நாலாயிரம் தபால் துளைகளுக்குள் மரக்கரண்டியால் தள்ளியிருந்தாள்.

ஒன்றரை வருடம் கழித்து இடி விழுந்தது. ஒரு பளபளப்பான வீட்டு அலங்காரப் பத்திரிகை, இமோஜனின் ஹார்ஸ்டன் வீட்டுச் சமையலறையைப் படம் எடுத்துப் போட்டது. மேசைமேல் முட்டைக் கிண்ணம் இரண்டு. ஒன்றுக்கு முன்னால் இமோஜன். இன்னொன்றுக்கு முன்னால் அவருடைய கணவர், இரவு அங்கியோடு, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டு. கீழே, 'தினமும் நாங்கள் சேர்ந்து காலை உணவு உண்ணும் இடம்' என்று ஒரு வரி. அந்த வீட்டுக்குத்தான் நம் நாடாளுமன்ற உறுப்பினர் 'நான் ஒருத்தி மட்டும்' என்று எழுதிக்கொடுத்து மூன்று வருடமாகக் கால் பங்கு வரியைக் குறைத்துக்கொண்டிருந்தார் என்பதை லண்டன் நாளிதழ் ஒன்று தோண்டி எடுத்தது. அடுத்த நாள் நாடு முழுவதும் அந்த இரண்டாவது முட்டையைப் பற்றியே பேசியது.

புதன்கிழமை, மெதடிஸ்ட் தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் கிளை கூடியது. வழக்கமாகப் பத்துப் பேர் வருகிற இடத்தில் நாற்பது பேர். பிஸ்கட் ஏழு மணிக்கே தீர்ந்துவிட்டது. அதிலேயே பாதிக் கோபம்.

கவுன்சிலர் ருக்சானா மீர் மெதுவாக ஆரம்பித்தாள். ஊரிலேயே தெல்மாவோடு ஒருமையில் பேசத் துணிந்த சிலரில் அவள் ஒருத்தி. "அவங்க தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க. பணத்தையும் கட்டிட்டாங்க. கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே."

"பொறுக்கறதா?" தெல்மா எழுந்துவிட்டாள். கம்பு இல்லாவிட்டாலும் கை தானாகவே குறுக்கே நீண்டது, கூடம் நின்றது. "எதுக்கு ருக்சானா பொறுக்கணும்? 'தெரியாம நடந்துபோச்சு'ங்கறாங்க. தன் வீட்டுல ஒரு ஆம்பள இருக்கறது ஒரு பொம்பளைக்குத் தெரியாமப் போகுமா? மழைக்காலத்துல செருப்பைப் பாத்தாலே தெரியும்!"

சிரிப்பு. சிரிப்பு கிடைத்தால் நிறுத்தத் தெரியாதது பேச்சாளர்களின் பொது வியாதி.

"கணக்குப் போட வக்கீல் வேணாம், ஆடிட்டர் வேணாம். நேரா குளியலறைக்குப் போ. டம்ளர்ல எத்தனை பல் பிரஷ் இருக்குன்னு எண்ணு. ஒண்ணுன்னா தள்ளுபடி வாங்கு. ரெண்டுன்னா முழுசாக் கட்டு. அவ்வளவுதான்!"

கைதட்டல் கூரையை முட்டியது. உள்ளூர் வாரப் பத்திரிகையின் நிருபர் எழுதிக்கொண்டார். ஹார்கிரீவ்ஸ் முகம் சிவக்கச் சிவக்கத் தட்டினார். உறுப்பினர் பதவி விலக வேண்டும் என்று தீர்மானம். அதை வரும் சனிக்கிழமை, நூலகத்தில் அவர் மக்கள் குறை கேட்கும் நேரத்தில், தெல்மா பிக்கர்ஸ்டாஃபே நேரில் கொடுக்க வேண்டும் என்று இன்னொரு தீர்மானம். ருக்சானா மட்டும் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பத்திரிகையில் முதல் பக்கத்தில் 'பிரஷ்ஷை எண்ணுங்கள்!' என்று வந்தது. வில்ஃப் அதைக் காலை மேசையில் சத்தம் போட்டுப் படித்தார்.

"நல்லாப் பேசியிருக்க கண்ணு. ஆனா நம்ம டம்ளர்ல ரெண்டு இருக்கே."

"உன்னோடது வெளியூர் போறப்ப எடுத்துட்டுப் போற பிரஷ்."

"அப்ப ரெண்டு வருஷமா நான் வெளியூர்லயா இருக்கேன்?"

"ரொட்டி கருகுது, போய்ப் பாரு."

அன்று பிற்பகலில் ருக்சானா வந்தாள். கிளையில் பாதிப் பேர் வெட்கத்தில் ராஜினாமா செய்துவிட்டார்கள். இமோஜன் செய்ததற்கு வீடுவீடாகப் போய் மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை. "வழக்கத்த மீறித்தான் ஆகணும் தெல்மா. உன் தெருவ நீயே பாத்துக்க," என்று தாளை நீட்டினாள். நீட்டும்போது அவள் கண் தெல்மாவின் கண்ணைப் பார்க்காமல் கதவுச் சட்டத்தைப் பார்த்தது. "அவசரமில்ல. நிதானமாப் படிச்சுப் பாரு."

தெல்மா நிதானமாகப் படித்தாள். பத்து, பன்னிரண்டு, பதினாலு.

'பிக்கர்ஸ்டாஃப், தெல்மா. டாட்டர்சால், வில்ஃபிரட்.'

இரண்டுக்கும் நேராக 'நம்மவர்' என்ற குறி. ஒன்றரை வருடத்தில் நாலு வெவ்வேறு பேனாக்கள் அந்தக் குறியைப் போட்டிருந்தன. ஒன்று பச்சை மை. கிளையில் பச்சை மையில் எழுதுகிறவர் ஹார்கிரீவ்ஸ் ஒருவர்தான்.

அவள் காதிலிருந்து கழுத்துவரை சூடு இறங்கியது. தாளை மடித்தாள். விரித்தாள். மடித்து மாவு டப்பாவுக்குள் போட்டாள். பிறகு, கோபப்படுவதற்கு வேறு ஆள் கிடைக்காததால், வில்ஃபிடம் போனாள்.

"உன் பேரு எதுக்கு இந்த லிஸ்ட்ல இருக்கு?"

"நீதான எழுதின. எனக்கு ஓட்டுப் போடவே இஷ்டமில்லன்னு சொன்னேன். ஜனநாயகம்னு அரை மணி நேரம் பேசின."

"அது வேற. வரி ஆபீசுல நீ இல்லன்னு எழுதியிருக்கேன்."

வில்ஃப் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். இது அவருக்குப் புதுச் செய்தி. "என்னன்னு எழுதின?"

"யாரும் இல்லன்னு."

"எப்ப?"

"நீ வந்த அடுத்த மாசம். அப்புறம் இந்த வருஷம் ஆரம்பத்துல மறுபடி கேட்டாங்க. அப்பவும்."

"பாய்லர் சரியானப்புறமா?"

வில்ஃப் வாய்விட்டுக் கோபப்படுகிற மனிதர் இல்லை. முப்பது வருடம் பேருந்து ஓட்டியவருக்குக் கோபத்தை விழுங்கப் பழகியிருக்கும். எழுந்துபோய்த் தன் கோப்பையைக் கழுவினார். கழுவிய கோப்பையை மறுபடியும் கழுவினார்.

"தொகைய நான் குடுக்கறேன் தெல்மா. அது விஷயமில்ல. ஆனா ஓட்டுக்கு மட்டும் நான் ஆளு, மத்ததுக்கு யாரும் இல்லன்னா, நான் இங்க என்னவா இருக்கேன்?"

"கத்தாத, பக்கத்து வீட்டுல கேக்கும்."

"நான் கத்தல," என்றார் வில்ஃப். உண்மையில் அவர் கத்தவில்லைதான்.

சனிக்கிழமை காலை அவள் எழுந்தபோது அவர் அதே பழைய பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். ஆக்ரிங்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறாராம். "நீ எழுதுனத உண்மையாக்கிட்டுப் போறேன். இனிமே யாரு வந்து எண்ணினாலும் ஒண்ணுதான் இருக்கும்." குத்தலாகச் சொல்லவில்லை. உதவி செய்கிறவரின் குரலில் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. இருந்தாலும் பத்து மணிக்கு அவள் நூலகத்தில் இருந்தாக வேண்டும். தீர்மானக் கடிதம் கைப்பையில் இருந்தது. "சாயங்காலம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தெருமுனையில் திரும்பிப் பார்த்தாள். அவர் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

நூலகத்தில், குழந்தைகள் புத்தகப் பகுதிக்குப் பக்கத்தில், ஒரு சின்ன மேசைக்குப் பின்னால் இமோஜன் ஃபாரன்ட் உட்கார்ந்திருந்தார். ஒரு வாரத்தில் பத்து வயது கூடியிருந்தது. ஹார்கிரீவ்ஸ், ருக்சானா, நிருபர், இன்னும் பத்துப் பேர் சுற்றிலும் நின்றார்கள்.

"வாங்க தெல்மா," என்றார் இமோஜன். "உங்க எல்லாருக்கும் நான் ஒரு விளக்கம் சொல்லணும். அந்தப் படிவம் வந்தப்ப வீடு ஒரே அமளியா இருந்தது. அவர் அங்க தற்காலிகமாத்தான் இருந்தார். அப்புறம் நாள் ஓடிப்போச்சு. மாத்தி எழுதணும்னு தோணவே இல்ல."

அத்தனையும் தெல்மாவின் வார்த்தைகள். தற்காலிகம். நாள் ஓடிப்போச்சு. அவள் மனசுக்குள் எத்தனை கௌரவமாக இருந்தவை, வேறொருத்தி வாயில் வந்ததும் எவ்வளவு கேவலமாகக் கேட்டன! இதுதான் சமயம். கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, 'நானும்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். வாயைத் திறந்தாள்.

"மிஸஸ் பிக்கர்ஸ்டாஃப், அந்த பிரஷ் விஷயத்த இன்னொரு தடவை சொல்லுங்க, போட்டோ எடுத்துக்கறேன்," என்றார் நிருபர்.

சொன்னாள். ஐயா, சொல்லிவிட்டாள். கடிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து, ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் சொன்னாள். வாய் தானாகவே ஓடியது. முகத்தில் சிரிப்புக்கூட இருந்ததாக மறுவாரப் படத்தைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இமோஜன் கடிதத்தை வாங்கி மேசைமேல் நேராக வைத்தார். எழுந்து கை கொடுத்தார். "நன்றி தெல்மா. நீங்க எனக்காக எவ்வளவு உழைச்சீங்கன்னு மறக்க மாட்டேன். அறுபத்தோரு ஓட்டு. அதுல உங்க வீட்டு ஓட்டு ரெண்டும் இருக்கு."

குத்திக்காட்டினாரா, நெகிழ்ந்து சொன்னாரா? அவருடைய எதிரிகள் இன்றுவரை விவாதிக்கிறார்கள். தெல்மா நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். பத்துப் பேரும் நூலகத் தரைவிரிப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். யாருக்கும் ஆச்சரியம் இல்லை. 'எந்த ரெண்டு?' என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ருக்சானா குடையோடு பின்னாலேயே வந்தாள்.

"எல்லாருக்கும் தெரியுமா?" என்றாள் தெல்மா.

"லிஸ்ட் எல்லார் கையிலயும்தான இருக்கு."

"வரி விஷயமும்?"

"நீயேதான் சொல்லியிருக்க. கிறிஸ்துமஸ் பார்ட்டில ஒவ்வொரு வருஷமும். 'நார்மன் போனதுல ஒரே லாபம் அந்தக் கால் பங்குதான்'னு."

"புதன்கிழமை நான் பேசறப்ப எல்லாரும் கை தட்டினீங்களே!"

"வேற என்ன பண்றது? நடுவுல நிறுத்தி, 'உன் வீட்டுல எத்தனை'ன்னு கேக்க முடியுமா? மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல?" ருக்சானா குடையை அவள் பக்கம் சாய்த்தாள். "நாங்க உனக்காகத்தான் பயந்துக்கிட்டு இருந்தோம். பிரஷ்னு ஆரம்பிச்சதும் எனக்கு உயிரே போயிடுச்சு."

திருடி என்று யாராவது கத்தியிருந்தால் தெல்மா பதிலுக்குக் கத்தியிருப்பாள். நாற்பது பேர் இரண்டு வருடமாகத் தன்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, தன் பேச்சுக்குப் பெருந்தன்மையோடு கை தட்டியிருக்கிறார்கள் என்பதற்கு என்ன பதில் கத்துவது? குடையை விட்டு விலகி நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தாள். வாசல் சுத்தமாக இருந்தது. உள்ளே யாரும் இல்லை. டம்ளரில் ஒன்றுதான் இருந்தது. நியாயப்படி அவள் இப்போது தள்ளுபடிக்குத் தகுதியானவள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் திரைச்சீலையைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நகராட்சி அலுவலகம் போனாள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், தணிந்த குரலில் சொல்லிவிட்டு வருவது திட்டம். கதவைத் திறந்தால் நாற்காலி ஒன்று காலியில்லை. சுவரோரமும் ஆட்கள். ஊரின் கண்ணியமான மனிதர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்: பூக்கடைக்காரி, பல் வைத்தியர், தேவாலயப் பாடகர் குழுவில் இரண்டு பேர். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. எல்லார் கையிலும் நீள உறை. உறுப்பினர் இமோஜன் தன் ஆயுளில் எந்தச் சட்டத்தாலும் சாதிக்காத வரி வசூலைத் தன் முட்டைக் கிண்ணத்தால் சாதித்துக்கொண்டிருந்தார். தெல்மா நாற்பத்து மூன்றாம் எண் சீட்டை எடுத்துக்கொண்டு ஒரு தூணருகே நின்றாள். பக்கத்து நாற்காலியில் விரித்த செய்தித்தாள் ஒன்று உட்கார்ந்திருந்தது. அது மெல்லத் தாழ்ந்தது. உள்ளே ஹார்கிரீவ்ஸ்.

"அட, தெல்மா." அவர் உறையைச் செய்தித்தாளுக்கு அடியில் தள்ளினார். "குப்பைத்தொட்டி விஷயமா வந்தேன். போன வாரம் எடுக்கவே இல்ல."

"எங்க வீட்டுலயும் குப்பைத்தொட்டிதான்," என்றாள் பூக்கடைக்காரி, யாரும் கேட்காமலே.

"எனக்கும்," என்றார் பல் வைத்தியர். "பச்சைத்தொட்டி."

"நீயும் தொட்டி விஷயமா?" என்று ஹார்கிரீவ்ஸ் கேட்டார். இரக்கத்தோடுதான் கேட்டார், பதிலை அவரே அவள் கையில் எடுத்துக் கொடுத்திருந்தார். 'ஆமாம்' என்றால் போதும். எல்லாரும் நம்புவதாக நடிப்பார்கள். அடுத்த புதன்கிழமை தேநீர் கொடுப்பார்கள். இன்னும் இருபது வருடம் பரிதாபப்படுவார்கள்.

"இல்ல," என்றாள் தெல்மா. சாலையில் பழகிய குரல், வேண்டாத நேரத்தில் முழுசாக வந்தது. "எங்க வீட்டுல ஒருத்தர் ரெண்டு வருஷமா இருக்காரு. இல்லன்னு எழுதிட்டேன். வரிக்காக மட்டுமில்ல. வெக்கப்பட்டுக்கிட்டு எழுதினேன்."

பாடகர் ஒருவர் இருமினார். ஹார்கிரீவ்ஸ், சளி பிடித்தவர் பக்கத்திலிருந்து விலகுவதுபோல, நாற்காலியை நாசூக்காக ஓர் அங்குலம் நகர்த்திக்கொண்டு செய்தித்தாளை மறுபடி உயர்த்தினார். யாரும் கை தட்டவில்லை.

அவள் எண் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் காது எரிய அங்கேயே நின்றாள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த எழுத்தர் தலை நிமிராமலே கேட்டார்: "பேரு? எப்பலேர்ந்து?" அவள் தேதி சொன்னாள், நாள், கிழமை, வந்த நேரம்கூடச் சொன்னாள். "பாக்கித் தொகைக்கு வீட்டுக்கு லெட்டர் வரும். அவர் இப்பவும் அங்கதான வசிக்கிறார்?"

தெல்மா கண்ணாடியின் ஓட்டை வழியாக மூச்சு விட்டாள். வில்ஃப் சனிக்கிழமையிலிருந்து ஒரு போன்கூடப் பண்ணவில்லை. வருவாரா என்பது அவளுக்குத் தெரியாது. கேட்கிற உரிமை இருக்கிறதா என்பதும் தெரியாது.

"சீக்கிரம் சொல்லுங்கம்மா, பின்னால நிக்கறாங்க."

"வசிக்கிறார்னு போடுங்க."

"என்ன உறவு?"

"அதுக்குக் கட்டம் எத்தனை பெருசு இருக்கு?"

"ஒரு வார்த்தை எழுதலாம்."

"துணைன்னு போடுங்க."

எழுத்தர் தட்டச்சு செய்தார். அரசாங்கத்துக்கு அவள் கொடுத்த வாக்குமூலங்களில் இதுவும் அன்றைய தேதிக்குப் பொய்தான். ஆனால் இதற்கு முழு வரி கட்ட வேண்டும். ரசீதை வாங்கிக்கொண்டு, யாரும் பார்க்காத கூட்டத்தின் நடுவே, யாரையும் பார்க்காமல் நடந்து வெளியே வந்தாள்.

பேருந்து நிலையத்தில் ஆக்ரிங்டன் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டாள். பதினொன்றே கால் என்றார்கள். போக மட்டும் ஒரு டிக்கெட்டும், திரும்பி வர இரண்டும் கேட்டாள். அப்படித் தரும் வழக்கம் இல்லை என்றார் நடத்துநர்.